அழிப்பதற்கு முன்

சின்னவளுக்கு அந்தக் கிறுக்கு பிடித்தது பதினேழாவது வயதில். கிறுக்கு என்று பெயர் வைத்தது அவள் அம்மா. முகம் தெரியாத எவனோ ஒருவன் அவளுடைய மின்னஞ்சலுக்குள் புகுந்து, வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும், கணக்கு ஆசிரியருக்கும் சேர்த்து, வாயில் வராத வார்த்தைகளை அவள் பெயரில் எழுதி அனுப்பிவிட்டான். எழுதியது அவளில்லை என்று நம்ப வைக்க மூன்று வாரம் ஆனது. நம்பிய பிறகும் சிலர் அவளைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் வைத்திருந்த கடவுச்சொல் தன் செல்லப் பெயரும் பிறந்த வருடமும்தான். திறந்து போட்ட வீட்டுக்குள் நாய் புகுந்தால் நாயைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

அவர்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கொதிநீர் ஆவியில் நின்று, மாலையில் வெந்து சிவந்த கைகளோடு வருவாள். வந்தால் வீட்டில் புதிதாக ஏதாவது ஒன்று பூட்டப்பட்டிருக்கும். கணினியின் கேமரா மேல் கறுப்புப் பட்டை. அம்மாவின் கைபேசிக்குப் பன்னிரண்டு எழுத்தில் ஒரு சொல். மூன்றாம் நாளே அம்மா அதை மறந்துபோனாள். மேற்பார்வையாளருக்கு லீவு சொல்ல வழியில்லாமல் காய்ச்சலோடு போய் வேலையில் நின்றாள்.

“இந்த வீட்ல திருட என்னடி இருக்கு?” என்றாள் திரும்பி வந்து. “திருடன் வந்தா பாவம்னு அவனே எதையாவது வச்சிட்டுப் போவான்.”

அக்காதான் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தவள். “பூட்டு, சாப்பிட வாடி,” “பூட்டு, துணி காஞ்சிருச்சான்னு பாரு.” சின்னவளுக்கு அந்தப் பெயர் உள்ளூரப் பிடித்திருந்தது. கல்லூரியில் கணினிப் படிப்பில் சேர்ந்தாள். இரண்டாம் வருடத்தில், நூலகத்தின் அச்சு இயந்திரம் மாணவர்கள் அச்செடுத்த எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி சேர்த்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தாள். மருத்துவச் சான்றிதழ், வேலை விண்ணப்பம், ஒருத்தியின் விவாகரத்து மனு, எல்லாம் கிடந்தன. ஓடிப்போய்ச் சொன்னாள். நூலகர் நன்றி சொல்லவில்லை.

“உன்னை யாரு அதுக்குள்ள போய்ப் பார்க்கச் சொன்னது?” என்றார்.

அநியாயம் என்று ஒரு வாரம் புலம்பினாள். அந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி, இரண்டு கார்கள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் கார்களில் ஒரு பிரேக் இருக்கும். “எவ்வளவு வேகமா வேணா போகட்டும், கட்டுப்பாடு என் கால்ல இருக்கு,” என்று சிரிப்பார். குரலை உயர்த்திப் பேச மாட்டார், குடிக்க மாட்டார். அம்மாவுக்கு முட்டிவலி என்றால் மறுநாளே தைலத்தோடு வந்து நிற்பார். கல்யாணமான புதிதில் அக்காவுக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தார். “எல்லாம் சரிபண்ணி வச்சுட்டேன், நீ ஒன்னும் தொட வேண்டாம்,” என்று சொல்லித்தான் கொடுத்தார். இப்படி ஒரு மருமகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அம்மா சலவைக் கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள்.

“அடிச்சாரா?” என்று கேட்டாள் அம்மா.

“இல்ல.”

“வேற பொம்பளை ஏதாவது?”

“இல்லம்மா.”

“அப்புறம் என்னடி?”

“மூச்சு விட முடியல,” என்றாள் அக்கா. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

அவர் தேடி வரவில்லை, சண்டை போடவில்லை. செய்திகள் மட்டும் வந்தன. “இன்னைக்கு பஸ் லேட்டா? பதினஞ்சு நிமிஷம் நின்னிருக்கியே.” “அம்மா கோபப்பட்டா நீ பதில் பேசாதே, வயசானவங்க.” “அந்தப் பச்சை சட்டை உனக்கு எடுபடல.” ஒவ்வொன்றும் அன்பாகத்தான் இருந்தது. படிக்கப் படிக்க அக்காவின் முகம் சுண்டிக்கொண்டே போனது. வீட்டுக்குள் பேசியது அவருக்கு எப்படித் தெரிகிறது? யாரோ சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

“நீதானேம்மா அவர்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிக்கிறே?” என்று ஒரு காலையில் அக்கா கேட்டுவிட்டாள்.

அம்மா சத்தியம் செய்தாள். அக்கா நம்பவில்லை. மருமகனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவள்தானே. அன்றிலிருந்து அம்மா அவர்களோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் பால்கனிக்குப் போய்விடுவாள். பெற்ற மகளே தன்னை உளவாளி ஆக்கியதை அவளால் பொறுக்க முடியவில்லை. அக்காவும் வீட்டில் பேசுவதை நிறுத்தினாள். இரண்டறை வீட்டில் மூன்று பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, பேசாமல் நடமாடினார்கள்.

வேறொரு மருத்துவமனையில் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதை அக்கா சின்னவளிடம் மட்டும், மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். இரண்டு மணி நேரத்தில் செய்தி வந்தது. “புது இடம் ரொம்ப தூரமாச்சே. யோசிச்சியா?”

அக்கா கைபேசியிலிருந்து நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். ‘நீயுமா’ என்று கேட்கிற பார்வை. சின்னவளுக்கு உடம்பு சுட்டது. அடுத்த நொடி தெளிந்தது. தான் சொல்லவில்லை என்பது தனக்குத் தெரியும். அம்மா அப்போது வேலையில் இருந்தாள். மாடிப்படியில் நின்றது அக்கா, அவள், அக்காவின் கையில் இருந்த கைபேசி.

அதை அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்டுபிடித்து, கையும் களவுமாக எடுத்து அக்காவின் முன்னால் வைக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு வருடமாக எல்லோரும் கேலி செய்த படிப்பு அது.

சனிக்கிழமை பிற்பகல் அக்கா குளிக்கப் போனாள். கைபேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அதைத் திறக்கத் திரையில் அக்கா இழுக்கும் கோட்டை சின்னவள் பலமுறை பார்த்திருக்கிறாள். கதவைத் திறப்பது போல எளிதாகத் திறந்தாள். படம் எதுவும் இல்லாமல், ‘சாதனப் பராமரிப்பு’ என்று யாரும் சந்தேகப்படாத பெயரில், ஒரு செயலி பட்டியலின் அடியில் பதுங்கியிருந்தது. அதற்கு ஒலிவாங்கி, கேமரா, இருக்குமிடம், செய்திகள் என எல்லா அனுமதியும் இருந்தது. மூன்று வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

அவளுக்குப் பரபரப்பு ஏறியது. பயத்தினால் அல்ல. வேட்டையில் மான் கண்ணில் பட்டவனுக்கு வரும் பரபரப்பு அது. தன் கணினியில் அந்தச் செயலியின் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒரு பக்கம் வந்தது. மேலே பெரிய கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் ஏதோ நீளமாக எழுதியிருந்தது. அவள் அதைத் தாண்டிக் கீழே போனாள். கட்டத்துக்குள் எழுதியிருப்பதை யார்தான் படிக்கிறார்கள்? கீழே ஒன்று, இரண்டு என்று வழிமுறை இருந்தது. அதன்படி செய்தாள். செயலி போயிற்று. வேர் எங்காவது மிச்சம் இருந்துவிடக் கூடாது என்று, அக்காவின் புகைப்படங்களை மட்டும் தன் கணினிக்கு மாற்றிக்கொண்டு, கைபேசியை முழுக்கத் துடைத்து வாங்கிய அன்று இருந்தது போல ஆக்கினாள். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். சின்னவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அக்கா துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே பூட்டு,” என்றாள்.

“கேட்டா நீ பயந்திருப்பே.”

“அவருக்கு இப்பத் தெரிஞ்சிருக்குமா? அது போயிடுச்சுன்னு?”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். இனிமே அவரால ஒன்னும் பண்ண முடியாது.”

 அக்கா எழுந்து பால்கனிக்குப் போனாள். அங்கே அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவள் மடியில் ஈரத் தலையை வைத்து அழுதாள். அம்மாவும் அழுதாள். அன்றும் மறுநாளும் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அம்மா சின்னவளின் தட்டில் இரண்டாம் முறை பரிமாறினாள். “கிறுக்குன்னு நெனச்சேன், கெட்டிக்காரி,” என்றாள்.

திங்கட்கிழமை பகல் பதினொன்றேமுக்காலுக்கு அவர் பல் மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில் பயிற்சிக் காரோடு நின்றார். உணவு இடைவேளைக்கு வெளியே வந்த அக்காவிடம் மெதுவாகத்தான் பேசினார் என்று பிறகு மருத்துவமனைத் துப்புரவுப் பெண் சொன்னாள். “ஏன் போனை அழிச்சே?” என்று கேட்டார். “யாரு சொல்லிக் கொடுத்தா?” என்று கேட்டார்.  அக்கா நடந்து தாண்டப் பார்த்தாள். அவர் காரின் கதவைத் திறந்தார். அவள் தலைமுடியைப் பிடித்து, முகத்தைக் கதவின் விளிம்பில் வைத்து, கதவை மூடினார். ஒருமுறை அல்ல. துப்புரவுப் பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று தானே சொன்னாராம்.

அன்றோடு அந்த வீட்டில் ‘அவர்’ போய் ‘அவன்’ வந்தது.

அக்காவைக் கொண்டுபோனது அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அவசரப் பிரிவின் துணிகள் ஒரு சரிவுக் குழாய் வழியாக நேரே சலவைக் கூடத்துக்கு வந்து விழும். செய்தி கிடைப்பதற்கு முன் அன்று மதியம் வந்து விழுந்த விரிப்புகளை அம்மா எப்போதும் போல உதறிப் பிரித்து, கறை படிந்ததைத் தனியாகப் போட்டிருந்தாள். அதில் எது தன் மகளுடையது என்று தெரியாது. அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் சின்னவளிடம் சொன்னாள். “எவ்வளவோ ரத்தம் அலசியிருக்கேன்,” என்றாள். 

விசாரணைக்கு வந்த போலீஸ் அதிகாரி ஐம்பது வயதை நெருங்கும் பெண். கடும் சளி பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு எழுதினார்.

“வேவு பார்க்கிற செயலி இருந்துச்சுன்னு சொல்றீங்க. போன் எங்க?”

சின்னவள் கொடுத்தாள்.

“இதுல ஒன்னுமே இல்லையே.”

“நான் அழிச்சுட்டேன்.”

“எப்ப?”

“சனிக்கிழமை.”

“அழிக்கிறதுக்கு முன்னாடி படம் ஏதாவது எடுத்தீங்களா? திரையில இருந்ததை?”

“இல்ல.”

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார். “நீங்க என்ன படிக்கிறீங்க?”

“கம்ப்யூட்டர்.”

அதையும் எழுதிக்கொண்டார். குத்திக்காட்டவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து, சின்னவள் அந்தப் பக்கத்தைத் திறந்து மேலே இருந்த கட்டத்தை முதல் முறையாகப் படித்தாள். ‘இதை அழிப்பதற்கு முன் நிறுத்துங்கள்,’ என்று தொடங்கியது. வைத்தவருக்கு உடனே தெரிந்துவிடும் என்றது. கண்காணிப்பு அறுந்துபோகும் நேரம்தான் பெரும்பாலும் மிக ஆபத்தானது என்றது. முதலில் பாதுகாப்பான இடம் ஒன்றை முடிவு செய்யுங்கள், வேறொரு கருவியிலிருந்து உதவி கேளுங்கள், சாட்சியத்தைப் படமெடுத்து வையுங்கள், அந்தக் கைபேசிக்கு உரியவரின் சம்மதமில்லாமல் எதையும் தொடாதீர்கள் என்றது. மொத்தம் பதினோரு வரி. ஒரு நிமிடம்கூட ஆகாது படிக்க. அரை வைத்தியம் ஆளைக் கொல்லும் என்பார்கள். இங்கே ஒரு கண்ணோடு விட்டது என்று நினைத்துக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

அக்காவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. குழாய் வழியாக உறிஞ்சிக் குடித்தாள், பேச வேண்டியதை ஒரு நோட்டில் எழுதினாள். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சின்னவள் கட்டிலருகே உட்கார்ந்து அந்தப் பதினோரு வரியைச் சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை.

அக்கா எழுதினாள்: ‘படிச்சும் செஞ்சியா?’

“படிக்கல. மேல இருந்துச்சு. தாண்டிட்டேன்.”

அக்கா மிச்சமிருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு எழுதினாள். ‘அவனைப் பத்தி எனக்குத் தெரியும். நீ கேட்டிருந்தா இன்னும் ஒரு மாசம் பொறுன்னு சொல்லியிருப்பேன்.’ நோட்டை மூடி, பேனாவை அதற்குள் சொருகி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்கு நாட்கள் தங்கைக்கு எதுவும் எழுதவில்லை. அம்மாவுக்கு எழுதினாள், தாதிக்கு எழுதினாள். ஐந்தாம் நாள் ‘தலையணை’ என்று ஒற்றை வார்த்தை எழுதி நோட்டை நீட்டினாள். சின்னவள் தலையணையைச் சரிசெய்தாள். மன்னிப்பு என்று எதையும் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

வழக்கு நடந்தது. மனைவி பிரிந்துபோன துக்கத்தில் ஒரு கணம் நிதானம் தவறிவிட்டேன் என்றான் அவன். பயிற்சிப் பள்ளியில் படித்த பதினெட்டுப் பேர் அவன் நல்லவன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். செயலியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றான். அவனுடைய கைபேசியில் எதுவும் கிடைக்கவில்லை. செயலியை விற்ற நிறுவனம் ஏதோ ஒரு கடல் தாண்டி இருந்தது. ஏழு மாதம் கழித்து, பழைய தகவல்களை நாங்கள் வைத்திருப்பதில்லை என்று இரண்டு வரியில் பதில் அனுப்பியது. அந்த இடைப்பட்ட காலத்தில் ஒருநாள் சின்னவள் கல்லூரியில் உட்கார்ந்து அவனுடைய மின்னஞ்சல் முகவரியைத் தட்டினாள். அவன் வீட்டு இணையத்தின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும், விருந்துக்குப் போனபோது அவனே சொன்னது. மனிதர்கள் ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைப்பார்கள். பாதி எழுத்து வரை போனாள். உள்ளே போனால் எல்லாம் கிடைக்கலாம். கிடைத்தால், எப்படிக் கிடைத்தது என்று அவன் வக்கீல் கேட்பான், இருக்கிற வழக்கும் கெடும். கையை எடுத்தாள். நல்லவளாக இருந்ததனால் அல்ல, தன் கைமேல் அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது.

பதினாறு மாதம் தண்டனை கொடுத்தார்கள்.

கல்லூரி முடிந்து அவள் வாரத்தில் இரண்டு பிற்பகல், பெண்களுக்கான உதவி மையம் ஒன்றுக்குப் போனாள். பழைய கட்டடம், தரைத்தளம், தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்கு எல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். கைபேசியோடு வருகிறவர்களிடம் அவள் முதலில் கைபேசியைக் கேட்பதில்லை. எங்கே தங்கியிருக்கிறீர்கள், வீட்டில் யார் யார், அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கேட்பாள். ஒருத்தி கோபப்பட்டாள்.

“அந்தச் சனியனை எடுத்துப் போடுன்னு வந்தா, ஊர்க்கதை கேக்கறே. உனக்கு எடுக்கத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்,” என்றாள் சின்னவள். “அது அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கப்புறம் ஆறாவது நிமிஷம் நீங்க எங்க இருப்பீங்கன்னு முதல்ல பேசலாம்.”

அந்தப் பெண் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அப்படி நிறையப் பேர் உண்டு.

அவன் வெளியே வர நான்கு மாதம் இருக்கும்போது அக்காவை வேறு ஊருக்கு அனுப்புவது என்று முடிவானது. மையம் இடம் பார்த்தது. மற்றதையெல்லாம் சின்னவள் செய்தாள். இந்த முறை ஒவ்வொன்றையும் அக்காவிடம் கேட்டுச் செய்தாள். புதுக் கைபேசி, புது எண், பழைய கணக்கு எதையும் அதில் திறக்கக் கூடாது. ஜன்னல் தெரியும்படி படம் எடுக்கக் கூடாது. பழைய தோழிகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பக் கூடாது. மையத்தின் எண் வழியாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேச்சு, பத்து நிமிடம். ஊர் பெயர் மையத்தில் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

“உனக்கு?” என்று கேட்டாள் அக்கா. தாடை சேர்ந்த பிறகு அவள் பேச்சில் சில எழுத்துகள் வழுக்கிக்கொண்டே வரும்.

“எனக்கும் தெரியக் கூடாது.”

“நீதானே எல்லாத்தையும் பண்றே.”

“என்கிட்ட இருந்தா, எப்படியாவது எடுத்துடுவான். அம்மாகிட்ட இருந்தாலும் எடுத்துடுவான். இல்லாததை எடுக்க முடியாதுல்ல.”

அக்கா யோசித்தாள். “சரி,” என்றாள். சரி என்று சொன்னபோதே இருவருக்கும் அதன் கனம் தெரிந்தது.

ஒரு காலை ஏழு மணிக்கு மையத்தின் வண்டி வந்தது. அம்மா மூன்று நாளாகத் துவைத்துத் தேய்த்த துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தாள். அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தங்கையின் கன்னத்தை ஒரு விரலால் தட்டினாள். “வரேன் பூட்டு,” என்றாள். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் இருக்க, அவர்கள் இருவரும் கீழே இறங்காமல் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்கள்.

அவன் வெளியே வந்த ஒன்பதாம் நாள் மாலை நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவில் சங்கிலி மாட்டியிருந்தது. இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது. இளைத்திருந்தான். கையில் ஒரு பை ஆப்பிள். அக்காவை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அம்மா நல்லா இருக்காங்களா? முட்டிவலி?” என்றான் அதே மெல்லிய குரலில்.

உள்ளே அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். சின்னவள் கதவைப் பிடித்திருந்தாள்.

“என்ன வேணும்?”

“ஒன்னும் வேண்டாம். மன்னிப்புக் கேக்கணும், அவ்வளவுதான். எங்க இருக்கா?”

“தெரியாது.”

“அன்னைக்கு அழிச்சது நீதானே?” சிரித்தான். “அவளுக்கு அதெல்லாம் வராது. உள்ள உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் இருந்துச்சு. கம்ப்யூட்டர் படிச்சவ, உனக்குத் தெரியாமயா இருக்கும்?”

 சின்னவள் கதவைச் சாத்தவில்லை. பொய்யை மணத்திலேயே கண்டுபிடிக்கிறவன் அவன். மூன்று வருடம் அக்காவின் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுப் பழகியவன். அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“எந்த ஊர்னு எனக்குத் தெரியாது. எந்தத் திசைன்னுகூடத் தெரியாது. என் போனை வேணா பாருங்க. அம்மா போனையும் பாருங்க. எங்களுக்குத் தெரிஞ்சா நீங்க வாங்கிடுவீங்கன்னுதான் தெரிஞ்சுக்கல.”

அவன் வெகுநேரம் அவள் முகத்தைப் படித்தான். அவள் சொல்வது உண்மை என்று அவனுக்குப் புரிந்த கணம் அவளுக்கும் தெரிந்தது. அவன் முகத்தில் முதல் முறையாக மென்மை போயிருந்தது. கை கதவின் விளிம்பைப் பிடித்தது. சங்கிலி இறுகியது. கீழ்த்தளத்தில் யாரோ லிஃப்டைக் கூப்பிட்டார்கள், இரும்பு கடகடவென்று நகர்ந்தது. அவன் கையை எடுத்தான். ஆப்பிள் பையை வாசலில் வைத்தான்.

“எத்தனை நாளைக்கு?” என்றான். படியிறங்கிப் போனான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, மணி, தேதி, அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதினாள். சளி பிடித்திருந்த அந்த அதிகாரியைக் கூப்பிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வருவதாகவும், வாசலில் எதையும் தொட வேண்டாம் என்றும் சொன்னார். சின்னவள் கதவைத் திறந்து பையைப் படமெடுத்தாள். ஏழு ஆப்பிள்கள். மீண்டும் சாத்தினாள்.

அம்மா சுவரை விட்டு நகரவில்லை.

“எந்தத் திசைன்னுகூட உனக்குத் தெரியாதாடி? நிஜமாவா?” என்றாள். “அவன்கிட்ட நடிச்சேன்னு நெனச்சேன்.”

“நடிக்கலம்மா.”

அம்மா தலையை ஆட்டினாள். வெளியே லேசாக மழை பிடித்திருந்தது. பால்கனியில் துணி நனைந்துகொண்டிருந்தது. போய் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அங்க மழை பெய்யுதா, வெயில் அடிக்குதான்னுகூடத் தெரியல,” என்றாள் உள்ளே வந்து. “அடுத்த பேச்சு எப்ப?”

“வியாழக்கிழமை.”

“நாலு நாள் இருக்கு,” என்றாள் அம்மா, ஈரத் துணிகளை நாற்காலிகளின் மேல் விரித்தபடி.